தரையில் நிற்காத கழுதை

தொலைக்காட்சியில் சாயங்காலம் குழந்தைகளுக்காக வரும் பொம்மலாட்டத்தில் ஒரு கழுதைக்குட்டி உண்டு. மரத்தைச் செதுக்கி, மூட்டுகளைப் பூட்டி, ஒன்பது நூல் கட்டி அதை உருவாக்கியவள் அக்கா. மேலே பலகையில் நின்று நூலை ஆட்டிக் குரல் கொடுப்பவள் தங்கை. பேரும் புகழும் யாருக்கு? கேட்கவே வேண்டாம், தங்கைக்குத்தான்.

ஊர் கொண்டாடிவிட்டுப் போகட்டும் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். பெற்ற மகளே கொண்டாடினால்? ஐந்து வயது வாண்டு, எழுந்தால் சித்தி, உட்கார்ந்தால் சித்தி. "சித்தியோட கழுதை இன்னிக்கு என்ன சொல்லுச்சு தெரியுமாம்மா?" என்று ஓடிவரும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கழுதையின் காதைச் செதுக்கும்போது உளி பட்டுக் கையைக் கிழித்துக்கொண்டது யாராம்? பொறாமைதான். இல்லை என்று தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளும் ரகமில்லை அவள்.

மகள் நிகழ்ச்சியை நேரில் பார்க்க வருகிறாள் என்றானதும் அக்காவுக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. நூலின் நீளம் ஆட்டுகிறவரின் உயரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். தங்கை நெட்டைக் கொக்கு. அக்கா அவள் தோளுக்குத்தான் வருவாள். அன்று காலை ஒன்பது நூலையும் அவிழ்த்து, ஒரு சாண் குறைத்து, தன் உயரத்துக்குக் கட்டிவைத்தாள். நேரடி ஒளிபரப்பு. தங்கை திணறுவாள், நடுவில் பாட்டு போகும்போது "நீயே பிடிக்கா" என்று நூல்கள் கட்டிய கைக்கட்டையைக் கொடுத்துவிடுவாள். மகள் கண்ணெதிரே கழுதை அம்மாவின் கையில் ஆடும்.

அக்கா கட்டிய நூலைத் தங்கை ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

விளக்குகள் எரிந்தன. கழுதை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அக்கா பலகைக்கு ஏறும் ஏணிப்படியில் கால் வைத்துத் தயாராக நின்றாள்.

கழுதை மெல்லக் குனிந்து தன் கால்களைப் பார்த்தது.

"ஐயய்யோ! தரை எங்க போச்சு? யாராவது அதக் கொஞ்சம் மேல தூக்கி வைங்களேன்!"

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழுதை காற்றிலேயே நீந்தியது, நாற்காலிக்கு மேலே குட்டிக்கரணம் போட்டது. பாட்டும் வந்து போயிற்று. கட்டை கை மாறவில்லை. ஏணியில் நின்ற அக்காவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முடிந்ததும் தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். வாண்டு பாய்ந்து போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"சித்தி, நீ கழுதையப் பறக்க வெச்சிட்ட!"

"நான் எங்கடி வெச்சேன்? எல்லாம் உங்கம்மா வேலை. நீ வர்றேன்னு காலையிலேயே உக்காந்து நூலக் குறைச்சிருக்கா. இல்லக்கா?"

அக்கா அவள் முகத்தில் குத்தலைத் தேடினாள். மருந்துக்கும் இல்லை.

"நிஜமாவாம்மா? அப்ப இது உன்னோட கழுதையா?"

மகள் சித்தியை விட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான். கிடைத்துவிட்டது. அதையும் அந்த நெட்டைக் கொக்குதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஆமாண்டி கண்ணு" என்றாள் அக்கா. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.