கண்டக்குழிக்குப் போன மாப்பிள்ளை

தில்லையடியில் மபாஸாவின் ஆட்டுக்கொட்டிலுக்கு வழி கேட்டு யாரும் திண்டாடியதில்லை. சந்து முனைக்கு வந்ததுமே கிடாய் சுல்தானின் வாடை மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். தாய் செத்துப்போன குட்டியாக அவனை மடியில் வைத்துப் போத்தலில் பால் புகட்டி வளர்த்தவள் அவள். இப்போது அவன் நீண்ட காதும் வளைந்த மூக்குமாக ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு நின்றான். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் அவனை விலைக்குக் கேட்டு ஆட்கள் வருவார்கள். மபாஸா கதவைக்கூட முழுதாகத் திறக்கமாட்டாள்.

அவளுடைய கொட்டிலில் இருந்த பெட்டை மறிகளெல்லாம் சுல்தானின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதில்தான் வினை வந்தது. ஒவ்வொரு ஈற்றிலும் குட்டிகள் சிறுத்துக்கொண்டே போயின. இந்த முறை பிறந்த ஒன்றுக்குக் கீழ்த்தாடை கட்டையாக இருந்தது. காம்பைப் பிடித்து உறிஞ்ச முடியாமல் அது தவித்ததைப் பார்த்து, மபாஸா மிருக வைத்தியர் ஸுஹைராவைக் கூப்பிட்டாள்.

டொக்டர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுகளுக்கெல்லாம் தகப்பன் யாரு?"

"சுல்தான்தான்."

"தாய்மார்ட தகப்பன்?"

"அதுவும் சுல்தான்தான், டொக்டர்."

"அங்கதான் பிழை. ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேரக்குள்ள, உள்ள ஒளிஞ்சு கிடக்கிற குறையெல்லாம் வெளிய வரும். சுல்தான மாத்துங்க. கண்டக்குழியில பஸ்தியான் எண்டு ஒருத்தர்கிட்டயும் இதே பிரச்சினதான். அவர்ட கிடாய் இஞ்ச வரட்டும், இவன் அங்க போகட்டும்."

"ஆட்டுக்கும் முற பாக்கணுமா?" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள் மபாஸா.

"நாம பாக்காட்டி ஆடு பாக்காது." டொக்டர் சிரித்தார். போகும்போது சுல்தானின் முதுகைத் தடவி, விலா எலும்பைத் தேடி விரலால் அழுத்தினார். அகப்படவில்லை. "எனத்தக் குடுக்கிறீங்க இவனுக்கு?"

"சோறு, பாண், புண்ணாக்கு. ஆசைக்குக் கொஞ்சம் பிஸ்கட்."

"கிடாய்க்கு இவ்வளவு கொழுப்பு ஆகாது" என்றார் டொக்டர். அந்தச் சொல் மட்டும் மபாஸாவின் காதில் ஏறவில்லை.

மபாஸாவின் கணவன் லத்தீப் ஓட்டோ ஓட்டுபவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சுல்தானைப் பின்சீற்றில் ஏற்றினார்கள். பாலாவி தாண்டியதும் அவன் தலையை வெளியே நீட்டிக்கொண்டான். எதிரே வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கையசைத்தார்கள். திரும்பி வரும்போது அதே சீற்றில் பஸ்தியானின் கிடாய் கறுப்பன், மெலிந்த, விறைத்த கால்களோடு நின்றான். வீட்டில் இறக்கிய கையோடு மபாஸாவின் உடுப்புக் கொடியை அறுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் பாய்ந்தான். சினைக்கு வந்து வாலை ஆட்டிக்கொண்டு கத்திய மறி ஒன்றுக்கு அன்றைக்கே வேலை முடிந்தது.

கண்டக்குழியிலிருந்துதான் நல்ல செய்தி வரவில்லை. சில கிழமைகளுக்குப் பிறகு பஸ்தியான் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கோவிக்கக் கூடாது. உங்கட சுல்தான் ஒரு மறியையும் திரும்பிப் பாக்கிறாரில்ல. தோணி நிழல்ல படுத்தே கிடக்கிறார்."

மபாஸாவுக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. "என்ட சுல்தானுக்கு ஒரு குறையும் இல்ல! உங்கட மறியளத்தான் பாக்கணும்" என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே ஒரு பை நிறையப் புண்ணாக்கும் பேக்கரிப் பாணும் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டாள். பிள்ளை பட்டினியில் கிடக்கிறான், கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்பதுதான் அவள் எண்ணம்.

கரையில் இழுத்து வைத்திருந்த தோணியின் அடியில் சுல்தான் அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். மபாஸாவின் குரல் கேட்டு எழும்பப் பார்த்து, முடியாமல் மூச்சு வாங்கி மறுபடியும் சாய்ந்தான். பட்டினி கிடந்தவனின் வயிறு அல்ல அது. பஸ்தியானின் மனைவி ஜெசிக்கா வெட்கத்தோடு சொன்னாள்: "பக்கத்து லொட்ஜுக்கு வாற வெள்ளக்காரர் எல்லாரும் இவரோட நிண்டு போட்டோ எடுக்கிறாங்க, அக்கா. பாணும் கேக்கும் குடுக்கிறாங்க."

லத்தீப் அடக்கமுடியாமல் சிரித்தார். மபாஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குப் பாண் பழக்கியது யார் என்பது அவளுக்குத் தெரியும். டொக்டர் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது.

அவள் பையோடு பட்டிக்குப் போனாள். ஜெசிக்காவின் மறிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒன்றின் முதுகைத் தடவினாள். எலும்பு விரலில் இடறியது.

"இதுகள் எப்ப ஈண்டதுகள்?"

"இப்பத்தான் குட்டி பால் மறந்தது. கரையில கிடக்கிற புல்லத்தான் மேயுதுகள்."

"இப்படிக் காய்ஞ்சு கிடந்தா எப்படிச் சினைக்கு வரும், ஜெசிக்கா? அவனுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு, இதுகளுக்குக் காணாது. ரெண்டு பக்கமும் பிழ." மபாஸா பையை அவிழ்த்துப் பாணைப் பொறுக்கித் தன் பக்கம் வைத்தாள். புண்ணாக்கை ஜெசிக்காவிடம் நீட்டினாள். "இது மறியளுக்கு. கிளிசீடியா இலையும் வெட்டிப் போடுங்க. அவனுக்கு ஒரு துண்டும் காட்ட வேணாம். பஸ்தியானண்ணன், காலையில அவனக் கயிறு போட்டுக் கரை வழியா நடத்துங்க. கத்துவான். கத்தட்டும்."

பாண் முழுவதையும் திரும்பும் வழியில் நுரைச்சோலைச் சந்தியில் நாய்களுக்குப் போட்டாள்.

பஸ்தியான் சொல் தவறவில்லை. கடலுக்குப் போய் வந்த களைப்போடும் சுல்தானைக் கரை நெடுக இழுத்து நடத்தினார். ஆரம்பத்தில் அவர்தான் இழுத்தார். பிறகு சுல்தான் அவரை இழுத்தான். மறிகளின் மயிரில் மினுக்கம் ஏறியது. ஒரு நாள் ஜெசிக்கா போனில் கூவினாள்: "அக்கா! மாப்பிள்ள வேல தொடங்கிட்டார்!"

ஐந்து மாதம் கழித்து தில்லையடியில் கறுப்பனின் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. தாடை நேரான, பிறந்த கொஞ்ச நேரத்திலேயே முலையை முட்டிக் குடித்த குட்டிகள். கண்டக்குழியிலோ மறிகள் பெரும்பாலும் இரட்டை ஈன்றன. மபாஸா வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். ஒவ்வொரு குட்டியின் காதையும் நீவிப் பார்த்தாள். எல்லாம் அவன் காது.

"சுல்தானக் கூட்டிக்கொண்டு போகப்போறீங்களா, அக்கா?" என்று கேட்டாள் ஜெசிக்கா. கேட்கும்போதே அவள் முகம் வாடியது.

மபாஸா கடலைப் பார்த்தாள். "எப்படிக் கூட்டிப் போற? அங்க இரிக்கிறதெல்லாம் அவன்ட மகளும் பேத்தியும். இஞ்சயே இரிக்கட்டும். இஞ்ச பொறந்த குட்டியள் வளந்தா சொல்லுங்க, அப்ப வேற கிடாய் தேடுவம்."

புறப்படும்போது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இடுப்புச் சிறுத்து, கழுத்து நிமிர்ந்து நின்றவன் காதை விறைத்து ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். உடனே ஒரு மறியின் பின்னால் மணலைச் சிதறடித்துக்கொண்டு ஓடிப்போனான்.

"பாத்தீங்களா? பால் குடுத்து வளத்தவள் நான் இஞ்ச நிக்கிறன்!" என்றாள் மபாஸா.

"அவனுக்கு வேல கிடக்கு" என்று லத்தீப் ஓட்டோவைக் கிளப்பினார். கல்பிட்டி வீதியில் ஏறும்வரை மபாஸா சுல்தானைத் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள்.