அக்கா வாங்கிய ஹெலிகாப்டர்

அக்காவுக்கு முழங்காலில் சின்ன அறுவை சிகிச்சை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எட்டு வாரத்துக்கு ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவுக்கோ ஏணிதான் பிழைப்பு. பெரிய கட்டடங்கள் எழும்புகிற இடத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்குமே டவர் கிரேன், அதன் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவள் அவள். பதினாறு வருஷமாகக் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் தரையைப் பார்ப்பாள்.

கால் சரியாகும்வரை தம்பி வீட்டில் தங்க வந்தாள். முதல் வாரம் தூங்கினாள். இரண்டாவது வாரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள்.

"ஏதாவது பண்ணுங்க," என்றாள் தம்பியின் மனைவி, குரலைத் தாழ்த்தி. "அண்ணி இன்னிக்கு என் செருப்பையெல்லாம் எடை வாரியா அடுக்கி வெச்சிருக்காங்க."

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒரு முடியளவு பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் எதையும் நூறு முறை அளந்து பார்ப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்து ரிமோட் ஹெலிகாப்டர் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பிப்பார். அன்றைக்கு அக்காவும் எட்டிப் பார்த்தாள்.

"தினமும் இதையே பாக்கறியே, ஒண்ணு வாங்கக் கூடாதா?"

"எதை வாங்கறதுன்னு பாத்துட்டிருக்கேன்க்கா."

"எத்தனை நாளா?"

தம்பி கொஞ்சம் தயங்கினார். "மூணு வருஷமா."

அக்கா சிரிக்க வாயெடுத்தவள், திரையில் ஓட்டுகிறவரின் கைகளைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டாள். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது கட்டைவிரல் ஒன்றைப் பிடித்திருந்தது, வலது கட்டைவிரல் இன்னொன்றை.

"ரெண்டு குச்சியா?" என்றாள். கிரேன் கூண்டிலும் இடது கைக்கு ஒரு லீவர், வலது கைக்கு ஒரு லீவர். "நாளைக்குக் கடைக்குப் போலாமா? எனக்குக் கை சும்மா இருக்கமாட்டேங்குதுடா."

அந்தக் கடை ஒரு அச்சகத்துக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. ஏணிதான் கூடாது, படி ஏறலாம் என்று அக்கா தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். கடைக்காரருக்கு அந்த வட்டாரத்தில் 'விசிறி' என்று பெயர். கூரையிலிருந்து நாற்பது ஹெலிகாப்டர்கள் தொங்கின, ஆனால் உட்காருகிறவர்களுக்குக் காற்று வர ஒரு மின்விசிறி கிடையாது. அதனால் வந்த பெயர்.

தம்பி நேராகக் கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய கறுப்பு ஹெலிகாப்டரிடம் போய் நின்றார். முழங்கை நீளத்துக்கு ஒவ்வொரு இறக்கையும்.

"இதுதான்க்கா. பெருசு காத்துல அசையாது. சின்னது பறந்தே போயிடும்."

"சார் சொல்றது சரிதான்," என்றார் விசிறி. "ஆனா அது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு. இது இறக்கையோட சாய்மானத்தையே மாத்தும். தலைகீழாவும் பறக்கும்."

"நேரா பறக்க வைக்கவே தெரியாதவளுக்குத் தலைகீழா எதுக்கு?" என்றாள் அக்கா. "வேற?"

விசிறி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் சுழல்கிற ஒன்றை எடுத்து வைத்தார். "இது ரொம்ப சாது. கையை எடுத்தாலும் தானா நிக்கும். பத்து நாள்ல அலுத்துடும், அதையும் சொல்லிடறேன். இதுல கத்துக்க ஒண்ணும் இல்ல." பிறகு உள்ளங்கையில் அடங்குகிற நீல நிறச் சாமான் ஒன்றை எடுத்தார். "இது நடுவாந்தரம். ஒத்தை இறக்கை, வால்ல ஒரு குட்டி விசிறி. சொன்னதைக் கேக்கும். தப்பா சொன்னா அதையும் கேக்கும்."

தம்பிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சோப்பு டப்பாவுக்கு வால் முளைத்த மாதிரி இருந்தது.

அக்கா மூன்றையும் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"விழுந்தா முதல்ல எது உடையும்?"

"பெரிய இறக்கை. அப்புறம் வால் விசிறி. ரொம்ப பலமா விழுந்தா நடுத்தண்டு வளையும்."

"அந்த மூணும் இப்ப கடையில இருக்கா? வரவழைச்சுத் தரேன்னு சொல்லக் கூடாது. இப்ப இருக்கணும்."

விசிறி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த குட்டி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கறுப்பு ஹெலிகாப்டருக்கு இறக்கை இருந்தது, தண்டு இல்லை. நீலத்துக்கு எல்லாம் இருந்தன, தரையில் ஊன்றுகிற கால்கூட.

"இதையே குடுங்க. இறக்கை நாலு ஜோடி, தண்டு ரெண்டு, வால் விசிறி ரெண்டு."

விசிறி பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேம்மா. முதல் தடவை வாங்க வர்றவங்க எல்லாரும் எவ்வளவு உயரம் போகும்னுதான் கேப்பாங்க. உடைஞ்சா என்ன பண்றதுன்னு யாரும் கேட்டதில்ல."

"உயரம் நான் பாத்துட்டேங்க," என்றாள் அக்கா.

தம்பி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முன்னால் படியிறங்கினார். மூன்று வருஷம் அவர் அலசிய விஷயத்தை அக்கா கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். எரிச்சலாக இருந்தது. அந்தக் கேள்வி தனக்குத் தோன்றாமல் போனதே என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம் என்று தெருமுனை வந்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளி, தரையில் ஒட்டுநாடாவால் ஒரு சதுரம் போட்டாள் அக்கா. ஹெலிகாப்டரை அதன் நடுவில், வால் தன் பக்கம் இருக்கும்படி வைத்தாள். இறக்கை சுற்ற ஆரம்பித்தது. சத்தம் கூடியது. தம்பியும் மனைவியும் கதவோரம் ஒதுங்கி நின்றார்கள். ஹெலிகாப்டர் கிளம்புவதுபோல் தவித்தது, தரையிலேயே கொஞ்சம் வழுக்கியது, அவ்வளவுதான். அக்கா நிறுத்தினாள். மறுபடி சுற்றவிட்டாள். மறுபடி நிறுத்தினாள். பேட்டரி ஆறு நிமிஷத்தில் தீர்ந்தது. அடுத்த பேட்டரியும் அப்படியே.

"என்னக்கா, தூக்கவே இல்லையே?"

"புதுக் கிரேன்ல ஏறினா முதல் நாள் வெறும் கொக்கியைத்தான்டா ஏத்தி இறக்குவேன். இது எந்தப் பக்கம் இழுக்குது, எவ்வளவு நேரம் கழிச்சுப் பேச்சைக் கேக்குதுன்னு தெரிய வேணாமா?"

மூன்றாம் நாள்தான் தரையைவிட்டுக் கிளப்பினாள். முதலில் ஒரு சாண், பிறகு முழங்கால் உயரம். அது இடது பக்கம் நழுவப் பார்க்கும், நழுவுவதற்கு முன்பே அவள் வலது கட்டைவிரல் ஒரு கடுகளவு அசைந்திருக்கும். விழுந்தால் முகம் சுளிக்காமல் நொண்டிப் போய் எடுத்து, கண்ணருகே கொண்டுவந்து பார்த்து, மறுபடி சதுரத்துக்குள் வைப்பாள். தம்பி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் அவர் பார்த்தது குட்டிக்கரணங்களை. இங்கே ஒரு சின்னச் சாமான் அந்தரத்தில் சும்மா நின்றது. சும்மா நிற்க வைப்பதற்குள் எத்தனை வேலை என்று இப்போதுதான் தெரிந்தது.

"ஒரு தடவை குடேன்க்கா," என்று கேட்க வாய் வரவில்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது?

அடுத்த வாரம் அக்கா முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போன சமயம் பார்த்து, அவர் யாருக்கும் சொல்லாமல் ஹெலிகாப்டரை எடுத்தார். இத்தனை பார்த்தாயிற்று, மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்தார். இடது குச்சியைத் தள்ளியதும் அது விருட்டென்று கூரைக்குப் போனது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே இழுக்க வேண்டிய குச்சியை இன்னும் மேலே தள்ளினார். கூரையில் முட்டி, திரைச்சீலையில் சிக்கி, புத்தக அலமாரியில் மோதி, தரையில் கிடந்து ஒரு பக்கமாகத் துடித்தது.

அக்கா வந்தபோது அவர் உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது ஆள், பரீட்சையில் தோற்ற மாதிரி.

"நான்தான்க்கா உடைச்சேன்."

அக்கா தட்டைப் பார்த்தாள். "பயத்துல குச்சியை மேல தள்ளிட்டியா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாரும் அப்படித்தான் தள்ளுவாங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல, நிறுத்தணும்னு நினைச்சுக்கிட்டே ஒரு கட்டுக் கம்பியைக் கொண்டுபோய்ச் சுவத்துல இடிச்சேன். நல்ல வேளை, கீழ யாருமில்ல. ஒரு வாரம் சாப்பாடு இறங்கல." அவள் மெதுவாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "இழுப்பறையில பார்ட் இருக்கு. நீயே மாட்டு. என் விரலுக்கு அந்த ஸ்க்ரூவெல்லாம் அகப்படாது."

தம்பி தன் பெட்டியை எடுத்தார். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டினார். மூக்குக்கண்ணாடியின் திருகைவிட இதன் திருகு பெரிதுதான். வளைந்த தண்டைக் கழற்றி, புதிய தண்டை ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டிப் பார்த்தார். நேராக ஓடியது. புதிய இறக்கை இரண்டையும் ஊசி முனையில் நிறுத்திப் பார்த்தபோது ஒன்று மற்றதைவிடத் துளி கனமாக இருந்தது. லேசானதன் நுனியில் அரிசி அகலத்துக்கு ஒட்டுநாடா ஒட்டினார். மறுபடி நிறுத்தினார். ஒட்டுநாடாவில் பாதியை வெட்டினார். ஒன்றரை மணி நேரம் தலை நிமிரவில்லை.

அக்கா அதைக் கிளப்பியதும் புருவத்தைச் சுருக்கினாள். இறக்கினாள். மறுபடி கிளப்பினாள்.

"என்னடா பண்ணின?"

தம்பி உருப்பெருக்கியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். "ஏன், என்னாச்சு?"

"நடுக்கமே இல்ல. வாங்கினப்பகூட இப்படி இல்லடா. வெண்ணெய் மாதிரி நிக்குது." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "இங்க வாயேன், உன் புருஷன் பண்ணியிருக்கற வேலையைப் பாரு."

மனைவி வந்து பார்த்தாள். அவளுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லா இருக்கு," என்றாள்.

ஆறாவது வாரத்தில் அது நடந்தது. ஹெலிகாப்டரின் மூக்கை நம் பக்கம் திருப்பிவிட்டால் இடதும் வலதும் மாறிவிடும். அது நம் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் குச்சியை இடப்பக்கம் தள்ள வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் மாதக்கணக்கில் தவிப்பது இங்கேதான் என்று தம்பி சொல்லியிருந்தார். "இப்போதைக்கு வேணாம்க்கா."

அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு மத்தியானம் திருப்பினாள். முதல் முறை விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாவது முறை, அந்த நீல மூக்கு அவள் முகத்தைப் பார்த்தபடி, ஓர் ஆள் தொலைவில், மார்பு உயரத்தில், அசையாமல் நின்றது. தம்பி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அக்கா அதைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், எதிரே ஆள் நிற்பதுபோல.

"எப்படிக்கா?"

"சிக்னல் காட்டறவர் கீழ என்னைப் பாத்துதானே நிப்பார்? அவரோட இடது எனக்கு வலது. பதினாறு வருஷமா மனசுக்குள்ள திருப்பித் திருப்பிப் போட்டுத்தான் பாக்கறேன். இதுவும் அவரை மாதிரிதான், கொஞ்சம் குள்ளம்."

தம்பி சிரித்தார். இவள் வேலையை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. போகிற வழியில் எங்காவது கிரேன் தெரிந்தால் 'அக்கா இப்படி ஒன்றில்தான்' என்று நினைத்துக்கொள்வார், அத்தோடு சரி. அந்தக் கூண்டில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் அவள் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தாள் என்பதைக் கூடத்தில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே, இப்போதுதான் பார்த்தார்.

ஒன்பதாம் வாரத் தொடக்கத்தில் டாக்டர் சரியென்றார். அக்கா துணிமணியைப் பையில் அடுக்கினாள். ஹெலிகாப்டரையும் உதிரிப் பொட்டலத்தையும் மேஜையிலேயே விட்டாள்.

"இதை மறந்துட்டியேக்கா."

"மறக்கல. உனக்குத்தான். போட்டு உடை."

"உன்னை மாதிரி எனக்கு வராதுக்கா."

"வராதுன்னு எப்படிச் சொல்ற? நீ இன்னும் ஓட்டவே இல்லையே. ஒரே ஒரு தடவை எறிஞ்ச, அவ்வளவுதான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உடைஞ்சா சரிபண்ணத் தெரிஞ்சவன் எதுக்குடா பயப்படணும்? நானே ஒவ்வொரு தடவையும் உன்னை நம்பித்தான் ஓட்டினேன்."

அவள் போன பிறகு இரண்டு நாள் அது மேஜையில் கிடந்தது. வார விடுமுறையன்று மனைவி வெளியே போனதும் சோபாவை ஓரமாகத் தள்ளினார். முதல் பேட்டரி முழுக்கத் தரையிலேயே சுற்றவிட்டார். இரண்டாவதையும் அப்படியே. அடுத்த வாரம் ஒரு சாண் கிளப்பினார். அதற்கடுத்த வாரம் இரண்டு இறக்கைகள் உடைந்தன. அவரே மாட்டினார்.

ஒரு மத்தியானம் அது முழங்கால் உயரத்தில் நின்றது. இடப்பக்கம் நழுவப் பார்த்தது, அவர் கட்டைவிரல் கடுகளவு அசைந்தது, அது தன் இடத்துக்குத் திரும்பியது. மூச்சை விடவே பயந்தார். அந்த நேரம் பார்த்து மேஜையில் செல்போன் அடித்தது. கடைக்கண்ணால் பார்த்தார். அக்கா. சாப்பாட்டு இடைவேளை போல.

எடுக்கவில்லை. இரண்டு கைக்கும் வேலை இருந்தது.