நூறு நாளில் திறப்பேன்

மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டி மீது தாளை வைத்து கோகிலவாணி எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள். பேச்சு தமிழ், எழுத்து மட்டும் இந்தி. வேட்பாளர் இசக்கிராஜ் தாராவியிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார். நாலு வரி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். கட்சி ஆபீஸிலிருந்து வந்த பேச்சோ தமிழ் எழுத்தில் வந்து தொலைத்திருந்தது. மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட இன்னும் ஐந்து நிமிடம்.

“யக்கா, முடிஞ்சிட்டா?” இசக்கிராஜ் எட்டிப் பார்த்தார்.

“கடைசி வரிதான் தம்பி. ‘கழிப்பறையைத் திறக்க ஆவன செய்ய முயற்சி மேற்கொள்ளப்படும்’னு எழுதி அனுப்பியிருக்காவ. இத வாசிச்சா சனம் எந்திச்சுப் போயிரும்.”

பேனர் அச்சடிக்கும் கடை நடத்திவந்த கோகிலவாணிக்கு அந்த வரிதான் உயிர். அவள் சந்தின் பொதுக் கழிப்பறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. நாற்பது வீட்டுப் பெண்களும் காலை ஐந்து மணிக்கே மெயின் ரோட்டுக் கழிப்பறைக்கு ஓடி வரிசையில் நின்றார்கள். மகள் பூமாரி பத்தாம் வகுப்புப் பாடத்தை அந்த வரிசையில் நின்றுதான் படித்தாள்.

“பின்ன எப்படிச் சொல்லுதது?”

“‘நூறு நாளில் நான் திறப்பேன்’னு.”

இசக்கிராஜ் தயங்கினார். “அரே, முடியலன்னா?”

“முயற்சி பண்ணுதேன்னு சொல்லுதவன் கிளார்க்கு. நாள் குறிச்சுச் சொல்லுதவன்தான் தலைவன். ‘மேற்கொள்ளப்படும்’னா யாரு மேற்கொள்ளுவா? பக்கத்து வார்டுக்காரனா? ‘நான்’னு சொல்லுங்க. சொல்லிட்டு நிப்பாட்டி, ஒரு மடக்கு தண்ணி குடிங்க. மிச்சத்தக் கூட்டம் பாத்துக்கிடும்.”

“அந்த அய்யாத்துரை அண்ணாச்சிக்கு இப்படிப் பேசத் தெம்பு உண்டுமா யக்கா?”

“எதிர்க்கட்சிக்காரரப் பத்தி இப்ப எதுக்கு? மேல ஏறுங்க.”

ஏறினார். கடைசி வரிக்கு வந்தார். “நூறு நாளில் நான் திறப்பேன்.” நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

அப்புறம் பெண்கள் பக்கமிருந்து வெடித்துக் கிளம்பியது கைத்தட்டல். பத்துப் பதினைந்து போன்கள் வீடியோ எடுக்க உயர்ந்தன. சூடேறிப்போன இசக்கிராஜ் அதே வரியை இன்னும் இரண்டு தடவை சொன்னார். தாளில் இல்லாத டைல்ஸையும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

இறங்கி வந்ததும் மெல்லக் கேட்டார். “இனி தப்பிக்க முடியாதுல்லா?”

“முடியாது தம்பி,” என்றாள் கோகிலவாணி, வாயெல்லாம் பல்லாக.

பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளி விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வேறு கொடி, வேறு மேடை. மைக்கின் முன்னால் அய்யாத்துரை அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, தாளின் கடைசி வரிக்கு வந்திருந்தார்.

“தொண்ணூறு நாளில் நான் திறப்பேன்.”

நிறுத்தினார். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார்.

அந்தப் பேச்சை அன்று காலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள் கோகிலவாணி.