பணியாரக் குறிப்பில் ஒரு நோஃபாலோ பலகை

"பலகைய எடுங்கக்கா! இப்பவே எடுங்க!"

"எம்பட சந்து, எம்பட பலகை. எடுக்க மாட்டேன் போ!"

"சந்து எங்கூட்டு வாசலுக்குத்தானே வருது?"

"வரட்டும். நடக்கறவங்க நடக்கட்டும். கணக்கெடுக்கறவரு மட்டும் நடக்க வேண்டாம்னுதான் எழுதியிருக்குது. அதுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கறே அம்மிணி?"

காலை ஏழு மணி. பதிவர் நகர் மூன்றாம் தெருவில் பால் வாங்க வந்த நாங்கள் எல்லாரும் பாலை மறந்துவிட்டு நின்றோம். கத்தியது எறும்பு டீச்சர் திலகமணி. பதில் கத்தியது சமையல் குறிப்பு நாகேஸ்வரியக்கா.

எங்கள் நகரில் எல்லாரும் வலைப்பதிவு எழுதுகிறார்கள். ஒருவர் தம் பதிவில் இன்னொருவரின் பதிவுக்கு இணைப்புக் கொடுத்தால், மறுநாள் விடிவதற்குள் கொடுத்தவர் வீட்டிலிருந்து பெற்றவர் வீட்டுக்கு ஒரு சந்து முளைத்திருக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் கணக்கெடுப்பவர் இந்தச் சந்துகள் வழியாக நடப்பார். அவர் கால் பட்ட வீடு பட்டியலில் இருக்கும். படாத வீடு கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும். சந்தின் முனையில் 'தொடர வேண்டாம்' என்று பலகை இருந்தால் அவர் திரும்பிவிடுவார். அதற்கு நோஃபாலோ பலகை என்று பெயர். இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது.

திலகமணிக்கு வயது முப்பத்தொன்பது. பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்களிடம் ஆறு காரணங்கள் இருந்தன. பதிவில் எறும்புகளைப் பற்றி மட்டும் எழுதுவாள். அவள் வீட்டுக்கு மொத்தமே ஒரு சந்துதான் வந்தது. நாகேஸ்வரியக்கா வெல்லப் பணியாரக் குறிப்பின் நடுவில், 'எறும்பு வந்தால் திலகமணி டீச்சரைப் பார்க்கவும்' என்று போட்ட இணைப்பு அது.

போன மாதம் பதிவர் சந்திப்பில் யாரோ சொன்னார்களாம், சந்து கொடுத்தால் நம் வீட்டுப் பலம் அதன் வழியே ஒழுகிவிடும் என்று. அக்கா வீட்டுக்கு வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார். காரை கொஞ்சம் உதிர்ந்தது. அன்றே பலகை வைத்துவிட்டார்.

முதல் செவ்வாய் டீச்சரின் காம்பவுண்டு சுவர் போயிற்று. இரண்டாம் செவ்வாய் கதவு எண். மூன்றாம் செவ்வாய் படுக்கையறை. டீச்சர் சமையலறையில் படுத்தாள். இன்று காலை அதுவும் இல்லை. அதனால்தான் சத்தம்.

"குக்கர் கடைக்காரருக்குத் தார் போட்ட சந்து குடுத்திருக்கீங்க. அங்க பலகை எங்கக்கா?"

"அவருக்கு எப்படி வைக்கறது? தப்பா நெனைப்பாருல்ல?"

"நான் நெனைக்க மாட்டனா?"

"நீ டீச்சரு. புரிஞ்சுக்குவே."

புகாரை இருப்புச் சான்று அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே ஆட்டோவில் வர வேண்டும் என்பது விதி. வந்தார்கள். அலுவலகத் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் மதியம் ஆகிவிட்டது. அக்கா இரண்டு பேருக்கும் தயிர்சோறு கட்டி வந்திருந்தார். உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊறுகாய் முடிந்ததும் மறுபடி சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கவுண்டர் முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்து பேச வேண்டும்.

"இருக்கீங்களா?" என்றார் குமாஸ்தா.

"இருக்கேன் சார்" என்றாள் டீச்சர்.

"யாரு சொன்னது?"

"நானே சொல்றேன்."

"அது செல்லாதுங்க. வேற யாராச்சும் சொல்லணும்."

"இந்தக்கா சொல்லியிருக்காங்க. பணியாரக் குறிப்புல."

குமாஸ்தா குறிப்பை ஏலக்காய் வரை படித்தார். "சொல்லியிருக்காங்க. சொல்லிட்டு, எம்பேச்ச நம்பாதீங்கன்னு பக்கத்துலயே பலகையும் வெச்சிருக்காங்க."

"நம்பாதீங்கன்னு வெக்கலீங்" என்றார் அக்கா. "நாளைக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பில்லேன்னுதானுங்."

"எறும்புக்கு என்னங்க பொறுப்பு?"

குமாஸ்தா விதியைச் சொன்னார்.

"வெல கொடுத்து வாங்குன சந்துக்குப் பலகை கட்டாயம். வழியில போறவன் உங்க திண்ணையில கிறுக்கிட்டுப் போன சந்துக்கும் வெக்கலாம். மனசாரக் காட்டுன வழிக்கு எதுக்கு? அது உங்க இஷ்டம், நான் கேக்க முடியாது. குக்கர் கடைச் சந்துக்கு வெச்சீங்களா?"

"அவரு சிநேகிதருங்."

"சிநேகிதரு என்ன குடுத்தாரு?"

"அஞ்சு லிட்டர்."

"மூடியோடவா?"

"மூடியோடதானுங்."

குமாஸ்தா 'மூடியோட' என்று எழுதிக்கொண்டார். "செவ்வாய்க்கெழமை அங்க பலகை இல்லீன்னா வீட்டையே நாப்பதாவது தெருவுக்குத் தள்ளிருவோம்."

நாற்பதாவது தெருவுக்கு இதுவரை ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. அக்காவுக்கு வியர்த்துவிட்டது. பலகை கேட்கும் படிவத்தை வாங்கினார். ஒவ்வொரு சந்தின் பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும். கடைசியில் 'எல்லாம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"டீச்சர், பேனா குடு."

கை நீட்டியவருக்குப் பேனா கொடுப்பது டீச்சரின் பதினைந்து வருடப் பழக்கம். கொடுத்தாள். அக்கா 'எல்லாம்' கட்டத்தில் டிக் அடித்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எல்லாச் சந்துக்கும் பலகை வந்திருந்தது. குக்கர் கடைக்கு வந்திருந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியிலும் வந்திருந்தது. அக்கா வீட்டுக்காரர் பொன்னுச்சாமி அண்ணன் பேப்பர் படிக்கும் பின்னறைக்கும் ஒன்று. சொந்த வீட்டுக்குள்ளிருக்கும் வழியும் வழிதான் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை.

கணக்கெடுப்பவர் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சமையலறை வாசல் பலகையைப் படித்தார். நோட்டில் 'ஓரறை வீடு' என்று எழுதத் தொடங்கினார். அடுப்பிலிருந்த தாளிப்பு வாசனை நின்றது.

"சார்! உள்ள நானூறு குறிப்பு இருக்குதுங்!"

"இருக்கலாங்க."

"எங்க வீட்டுக்காரரு இருக்காருங்!"

"நீங்கதானே தொடர வேண்டாம்னு வெச்சிருக்கீங்க." அவர் கொஞ்சம் இரங்கினார். "நான் நோட்ட மூடறதுக்குள்ள ஒரு பலகைய மட்டும் கையால புடுங்கிக்கலாம். ஒண்ணுதான்."

சந்தின் அந்தக் கோடியில் டீச்சர் நின்றிருந்தாள். அவளிடம் மிச்சம் ஒரு நிலைப்படி, ஒரு முக்காலி, எறும்புகள். அவள் இம்முறை கத்தவில்லை. "அக்கா" என்றாள், அவ்வளவுதான்.

அக்கா சந்தைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, பின்னறையையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு சமையலறைப் பலகையைப் பிடுங்கினார்.

எங்களுக்கு ஒரு வாரம் அதுவே பேச்சு. நாங்களும் அதைத்தான் பிடுங்கியிருப்போம். ஆனால் அப்படிப் பேசிக்கொள்ளவில்லை.

நோட்டு மூடியது. டீச்சரின் நிலைப்படி போயிற்று. பொன்னுச்சாமி அண்ணனின் பின்னறையும் போயிற்று. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கணக்கெடுப்பவர் பலகை வரை வந்து நின்றார்.

"சிவப்பு எறும்பு பத்தி எழுதுனதப் படிச்சனுங்க. நல்லாயிருந்துச்சு."

"படிச்சீங்ளா? அப்ப நான் இருக்கறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியுங்க. தெரியறது வேற, எழுதறது வேற."

"நாளைக்கு வருவீங்ளா?"

"நாளைக்கு எனக்கு லீவுங்க."

"லீவுலயும் இந்தப் பலகை உங்களுக்குத்தானா?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். நேரம் ஆயிற்று. "லீவுல நானும் சும்மா நடக்கறவன்தானுங்க" என்றார்.

புதன்கிழமை கட்டம் போட்ட சட்டையில் வந்தார். பலகையைத் தாண்டும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் இரண்டு பேருக்கும் கல்யாணம். பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. எல்லாரும் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். பந்தி நன்றாக இருந்தது. எங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடியேறிவிட்டார்.

பலகையைப் பார்த்த குக்கர் கடைக்காரர் அக்காவிடம் பேசுவதில்லை. மூடியை மட்டும் ஆளனுப்பி வாங்கிக்கொண்டார். ஐப்பசியில் நாகேஸ்வரியக்கா சமையலறையை லாரியில் ஏற்றிக்கொண்டு தாராபுரத்தில் தங்கச்சி வீட்டுப் பக்கம் போய்விட்டார். பொன்னுச்சாமி அண்ணனும் பையோடு வாசலுக்கு வந்து நின்றார். லாரிக்காரர் சாமான் பட்டியலை இரண்டு தரம் பார்த்தார். அதில் இல்லாததை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.