மீசையாகிப் போன மண்டலம்

பட்டத்துக்கென்று ஜெயரூபன் வளைத்துக் கட்டிய மூங்கிலைக் கண்டதும் தங்கை கீர்த்திகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அண்ணை, நான் கேட்டது விண்மீன் மண்டலம். நீங்கள் கட்டியிருக்கிறது மீசை!”

அவள் கொடுத்த படத்தில் இருந்தது ஒரு பட்டைச் சுருள் மண்டலம். தை மாதம் பொழுதுபட்டதும் தெற்கு வானில் நிற்கும். தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. நடுவே விண்மீன்களாலான நேரான பட்டை. அதன் ஒரு முனையிலிருந்து ஒரு கரம் மேலே வளையும். மறுமுனைக் கரம் கீழே வளையும். பட்டம் கட்டுபவரின் கை அதற்குப் பழகியதல்ல. இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்திருந்தால்தான் பட்டம் நிமிர்ந்து நிற்கும். அதனால் அவன் இரண்டு கரங்களையும் மேலே முறுக்கிவிட்டிருந்தான்.

“படத்திலை இருக்கிற மாதிரிக் கட்டினால் ஒரு பக்கம் சரிஞ்சு நேரை கடலுக்கைதான். பின்னேரம் போட்டி. வல்வெட்டித்துறைச் சனம் முழுக்க நிக்கும். மானம் போயிடும்.”

“மீசையோடை போனால் போகாதோ?”

ஜெயரூபன் கத்தியை வைத்துவிட்டான். கீர்த்திகா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மையான மண்டலம் ஓயாமல் சுழல்கிறதே! பட்டம் நிமிர்ந்து நிற்கட்டும். மண்டலம் அதன்மேல் சுழலட்டும்.

“அண்ணை, பழைய மேசை விசிறியின்ரை பெயாரிங் கிடக்கோ?”

“ஓம்… எடியே, பொறு, பொறு. விளங்குது!”

பின்னால் கறுப்புத் தாளில் ஒரு சாதாரண எட்டுமூலைப் பட்டம். முன்னால், தடையின்றிச் சுழலும் அந்தப் பெயாரிங்கில், ஒரு கரத்தைக் கீழே திருப்பி வெள்ளைத் தாள் ஒட்டிய மண்டலம். காற்றுப் பட்டதும் சுழலும்படி, விசிறியின் இதழ்போல ஒவ்வொரு கரத்தையும் சற்றுச் சரித்தார்கள். பட்டை முன்னே போக, கரங்கள் பின்னால் இழுபட வேண்டும் என்று சரிவின் பக்கத்தைக் கீர்த்திகாவே பார்த்துச் சொன்னாள். பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சைக் கயிறுகள் சுழற்சியில் சிக்காதபடி ஓரங்களில் கட்டப்பட்டன.

பின்னேரம் கடற்கரையில் ஜெயரூபன் கயிற்றை மெல்ல விட்டுக்கொடுத்தான். பட்டம் தலையை ஆட்டியது, ஒருமுறை தாழ்ந்தது, பிறகு நிமிர்ந்து ஏறியது. பட்டை மெல்லத் திரும்பியது. கரங்கள் அதன் பின்னே, படத்தில் இருந்தபடியே, சுழன்றன.

“அங்கை பாருங்கோ, விசிறிப் பட்டம்!” என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

கீர்த்திகா மணலில் ஓடிப்போய் ஒலிவாங்கியை வாங்கினாள். “விசிறி இல்லை ஐயா! இதின்ரை வெளிச்சம் எங்களிட்டை வர ஆறு கோடி வருசம் செல்லும். நடுவிலை இருக்கிற பட்டை என்ன செய்யுதெண்டால், வாயுவை உள்ளுக்கு இழுத்து…”

சனம் கைதட்டியது. ஜெயரூபன் கயிற்றோடு மணலில் இழுபட்டுக்கொண்டிருந்தான்.

“விளங்கப்படுத்தினது காணும், போதும்! வந்து கயித்தைப் பிடியடி, என்னையும் கொண்டுபோகப் போகுது!”