உறுதியில் எழுதிய முழு விலை

நொத்தாரிசின் அலுவலகம் நல்லூரில், ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டு விற்பனைப் பத்திரமான உறுதியை எழுதுவதற்காக ஜெயகௌரியும் சீலாவும் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பாயில் உள்ள தன் தகப்பனின் வீட்டைச் சீலா விற்கிறாள். நோர்வேயிலிருந்து வந்த ஜெயகௌரி வாங்குகிறாள். இங்கே காணி வாங்க வழிவிடும் இரட்டைக் குடியுரிமை கிடைத்ததும் அவள் விசாரித்த ஒரே வீடு அதுதான்.

சிறுவயதில் ஜெயகௌரியின் குடும்பம் அந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தது. ஊரடங்குப் பகல்களில் சிநேகிதிகள் இருவரும் குளிர்ந்த சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்து ஒரே புத்தகத்தை வாசிப்பார்கள். சீலா வேகமாக வாசிப்பவள். பக்கத்தைத் திருப்பாமல், கன்னத்தைத் தரையில் வைத்தபடி மற்றவளுக்காகக் காத்திருப்பாள். பனி கொட்டும் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் ஜெயகௌரி மனதால் அந்த வீட்டுக்குள் நடந்து திரிந்திருக்கிறாள்.

“உறுதியிலை பாதி விலையைப் போடுங்கோ,” என்றாள் சீலா. “மிச்சத்தை இவ கையிலை தரட்டும். எனக்கும் வரி குறையும், இவவுக்கும் முத்திரைக் காசு குறையும்.”

“இல்லைச் சீலா. குடுக்கிற விலையைத்தான் எழுதவேணும். வெளியிலை என்ன சொத்து வாங்கினாலும் நோர்வே வரிக் கந்தோரிலை நான் காட்டவேணும்.”

“ஏன், நோர்வேக்காரன் கோப்பாய்க்கு வந்து வேலி அளக்கப் போறானோ?”

“வராட்டிலும் கையெழுத்து என்ரைதானே.”

“அப்ப லண்டனிலை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குடுக்கிறன்.”

வீடு கைநழுவிப் போய்விடும் என்று ஜெயகௌரிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் சொல்லை மாற்றவில்லை.

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். “ஆருக்கு வித்தாலும் முதலிலை எமில்ராஜைக் கேக்கவேணும், பிள்ளை. காணி இன்னும் பிரிக்கேல்லை, அவருக்கும் அதிலை பங்கிருக்கு. எங்கடை தேசவழமைச் சட்டப்படி பங்காளிக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் போடுற விலைக்கே அவர் எடுக்கலாம்.”

எமில்ராஜ் சீலாவின் சித்தப்பா மகன். இருவரும் கதைத்துப் பல வருடங்கள்.

“பாதி விலைக்கோ? உவனுக்கோ?” சீலா எழும்பியே விட்டாள். “முழுசாப் போடுங்கோ ஐயா!”

ஜெயகௌரி சிரித்தாள். பிறகுதான், வீடு இனி எமில்ராஜின் கையில் என்பது உறைத்தது.

முழு விலையைக் குறித்து எமில்ராஜுக்கு அறிவித்தல் போனது. பதில் சொல்வதற்கான தவணையின் கடைசி நாளில் எமில்ராஜ் அதைக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தான். சீலா கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, இது மெய்யாக் குடுக்கிற விலையோ?” என்று ஜெயகௌரியைக் கேட்டான்.

“ஓம் தம்பி.”

“எல்லாரும் பாதிதானே போடுறவை. அதை நம்பி, இது வரமுதலே என்ரை லொறியை விக்க விலை பேசிப்போட்டன்.” வெட்கத்தோடு சிரித்தான். “இவ்வளவுக்கு என்னாலை ஏலாது.”

தனக்கு வேண்டாம் என்று கையெழுத்திட்டான். வீடு கிடைத்துவிட்டது. ஜெயகௌரிக்கு ஏனோ உடனே மகிழ முடியவில்லை.

“அந்த வீட்டிலை இருந்தனீங்களோ?” என்று கேட்டாள்.

“நீங்கள் போனாப்பிறகு. கிழக்கு அறையிலைதான் பிறந்தனான்.”

அவள் நினைவில் சுமந்த வீட்டில் கிழக்கு அறை எப்போதும் பூட்டியே இருந்தது. “எப்பிடி இருக்கும்?” என்றாள்.

“நல்ல காத்து. மழைக்குத்தான் கரைச்சல். அலுமாரி மூலையாலை ஒழுகும்.”

“அலுமாரி மூலையில்லை,” சுவரைப் பார்த்தபடியே சீலா சொன்னாள். “யன்னல் மூலை.”