பாங்காக்கில் மூன்று மாதம்

மேலாளர் வோங் நவமணியிடம் மலாய் மொழியில் கேட்டார்: பாங்காக்கில் புது ஃபேக்டரி திறக்கிறார்கள், மூன்று மாதம் போய் அங்குள்ள பெண்களுக்கு வேலை பழக்க முடியுமா?

எட்டு வருடமாக ஈப்போவில் அந்த அமெரிக்கக் கம்பெனியில் மைக்ரோஸ்கோப்புக்குள் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டியவள் நவமணி. செமோருக்கு வெளியே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஃபேக்டரி பஸ் தோட்ட வாசலுக்கு வந்த வருடமே அவள் ரப்பர் பால் வாளியை விட்டாள். அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். பிடிக்காத இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று சொல்லும் தைரியமும் அதில்தான் வந்தது.

"என் மக பிளேன்ல போவுது," என்று அப்பா மாயாண்டி தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து இருக்கையில் வேலை செய்த, சிலிபினில் குடியிருக்கும் இசபெல்லா தன் ஸ்வெட்டரைக் கொடுத்தாள். "அங்க ஏர்கோன் ரொம்பக் குளிரும்லா. போட்டுக்க." இசபெல்லாவின் கணவன் லூர்துசாமி வேலை செய்த ஈயச் சுரங்கம் அந்த 1985-ஆம் வருடத் தொடக்கத்தில்தான் மூடியிருந்தது. வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

பாங்காக்கில் நாற்பது பெண்கள். பாதிப் பேர் வயல் வேலையை விட்டு வந்தவர்கள். சோம்ஜாய் என்பவள் சீக்கிரம் பழகினாள். பாஷை தெரியாததால் நவமணி அவள் விரலைப் பிடித்தே காட்டினாள்.

மூன்றாவது வாரம் மரப் பெட்டிகள் வந்து இறங்கின. ஆட்கள் பலகையைப் பிரித்தபோது நவமணி சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மெஷினின் கைப்பிடியில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. ஈப்போவில் தன் மெஷினுக்கு இசபெல்லா வைத்த அடையாளம் அது.

இசபெல்லாவின் லைனையே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று நவமணிக்குப் புரிந்தது. இசபெல்லாவுக்கு லெட்டர் எழுத உட்கார்ந்தாள், கிழித்தாள். எழுதினால் விஷயம் ஃபேக்டரி முழுக்கப் பரவும், தன் வேலைக்கும் ஆபத்து என்று தோன்றியது. ஒருநாள் சோம்ஜாயின் மெஷின் ஊசி சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்தும் பேசாமல் நகர்ந்தாள். மத்தியானத்துக்குள் சோம்ஜாயின் தட்டிலிருந்த சில்லு முழுக்கக் கழிவானது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். நவமணியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய் ஊசியை நேராக்கினாள்.

ஈப்போவுக்குத் திரும்பியபோது இசபெல்லாவின் லைன் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அறுபது பேருக்கு வேலை போயிருந்தது. நவமணி சிலிபினுக்கு ஓடினாள். இசபெல்லா வாசலில் விற்பதற்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் மெஷினப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"யாரு உக்காந்திருக்கா?"

"சோம்ஜாய்னு ஒரு பொண்ணு. நல்லா செய்யிறா. நாந்தான் பழக்கினேன்."

"பழக்கினது உன் வேலை. அத நான் கேக்கல." இசபெல்லா நிமிர்ந்தாள். "எப்ப தெரியும் உனக்கு?"

"மூணாவது வாரம்."

"ஒரு வரி எழுதியிருக்கலாம்லா. அறுபது பேரும் வேலை தேடி அலையறதுக்கு முன்னாடி நான் எங்கியாவது நுழைஞ்சிருப்பேன்."

இசபெல்லா அடுத்த இலையை எடுத்தாள்.

அடுத்த வருடமே நவமணியின் லைனும் போனது. அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள், பிறகு ஒரு பிஸ்கட் ஃபேக்டரி. எதிலும் மனம் தங்கவில்லை. 1987-இல் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரி ஒன்று ஆள் எடுக்கப்போவதாக பஸ்ஸில் கேள்விப்பட்டாள். வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. நேரே சிலிபின் போனாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில ஆள் எடுக்கிறாங்க. இன்னும் யாருக்கும் தெரியாது. வாங்க, போலாம்."

இரண்டு வருடமாகப் பேசாதவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எத்தனை நாளைக்கு?"

"தெரியலக்கா."

மறுநாள் விடிந்ததும் இருவரும் ஃபேக்டரி வாசல் வரிசையில் முதலாவதாக நின்றார்கள். உள்ளிருந்து சூடான ரப்பர் பால் வாடை குமட்டிக்கொண்டு வந்தது. நவமணி கேட்டையே பார்ப்பதும் கால் மாற்றி நிற்பதுமாக இருந்தாள்.

"சும்மா நில்லுடி," என்றாள் இசபெல்லா. அவளுடைய கையும் ஐ.சி. அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.